ஐந்து நட்சத்திரப் பாடம்

கல்லூரியின் பெயர் வேண்டாம். மயிலாடுதுறையில் கிழக்கே போகும் டவுன் பஸ்ஸில் ஏறி, கண்டக்டர் "காலேஜெல்லாம் இறங்கு" என்று கத்தும் இடத்தில் இறங்கினால் அதுதான். ஏற்கெனவே அது நிறையப் பெயர் வாங்கிவிட்டது, நாமும் சேர்ந்து கெடுக்க வேண்டாம்.

அங்கே பி.ஏ. வரலாறு இரண்டாம் வருஷத்தில் செந்தாமரை என்று ஒரு பெண். அம்மா அம்சம் நடவுக்கும் களைக்கும் போகிறவள். செந்தாமரை வரலாற்றை ஆசைப்பட்டு எடுக்கவில்லை. கணிப்பொறியில் இடம் இல்லை என்றார்கள், வணிகவியலில் இடம் இல்லை என்றார்கள், வரலாற்றில் மட்டும் எப்போதும் இடம் உண்டு என்றார்கள். வந்து உட்கார்ந்தாள். முதல் வருஷம் முழுக்கப் போர்களும் வருஷங்களும். யார் யாரை எங்கே தோற்கடித்தார்கள் என்று எழுதி எழுதிக் கை வலித்ததுதான் மிச்சம்.

இரண்டாம் வருஷத்தில் 'ஊர் வரலாறு' என்று ஒரு பாடம் வந்தது. ஆடியிலிருந்து மழைக்காலம் வரை முதல் பகுதி, தை பிறந்ததும் இரண்டாம் பகுதி. நடத்த வந்தவர் லத்தீஃபா மேடம், நாகூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரோடு சரி. ஆசிரியர் அறையில் அவருக்கு நாற்காலி கிடையாது. யாராவது லீவு போட்டால் அன்றைக்கு உட்காருவார்.

ஆனால் அவர் பாடம் நடத்துகிற அழகைச் சும்மா சொல்லக் கூடாது. ஒரு வகுப்பையும் அவர் முழுசாக முடித்ததில்லை. மணி அடிக்கிற நேரமாகப் பார்த்து ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு, "நாளைக்குச் சொல்றேன்" என்று கிளம்பிவிடுவார். வேதாரண்யத்து உப்பு வண்டி முன்னே எந்த வழியாக வந்தது, அந்த வழி இப்போது ஏன் ரோடாக இல்லை? உங்கள் ஊர்ச் சந்தை ஏன் செவ்வாய்க்கிழமை கூடுகிறது? சுடுகாடு ஏன் ஊருக்கு அந்தப் பக்கமே இருக்கிறது? மறுநாள் வந்ததும் பாட்டிலைத் திறந்து இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, "நேத்து எங்க விட்டேன்?" என்பார். மொத்த வகுப்பும் கத்தும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்குவதற்கென்றே கல்லூரிக்கு வந்துகொண்டிருந்த ஆஷிகா, செந்தாமரையின் பெஞ்சுக்காரி, அவள்கூட விழித்திருந்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் கேள்வி மறு பக்கத்திலிருந்து வந்தது. செந்தாமரை எழுந்து நின்றாள். அதுவரை வகுப்பில் வாயைத் திறக்காதவள்.

"மேடம், எங்க தெரு வாய்க்காலோட கடைசியில இருக்கு. பக்கத்து ஊர்லயும் எங்க ஆளுங்க தெரு கடைசியிலதான் இருக்கு. வாய்க்கால் வெட்டினப்ப தெரு அங்க இருந்துச்சா, இல்ல வாய்க்கால் வந்தப்புறம் தெருவை அங்க கொண்டுபோய் வெச்சாங்களா?"

லத்தீஃபா மேடம் மேசை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"இத்தனை நாளா நான்தான் உங்களைக் கேட்டுக்கிட்டு இருந்தேன். இதைக் கேக்க ஒருத்தி வரணும்னுதான் காத்திருந்தேம்மா. நாளைக்கு முழுப் பீரியடும் இதுதான்."

மணி அடித்தது. அந்த 'நாளைக்கு' என்ன ஆனது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

அன்று சாயங்காலம் எல்லோருடைய போனுக்கும் கல்லூரியிலிருந்து ஒரு இணைப்பு வந்தது. பிரியாணி வாங்கினால் கேட்பார்களே, அந்த மாதிரி ஒவ்வொரு பாடத்துக்கும் நட்சத்திரம் போடச் சொல்லி. 'ஊர் வரலாறு'க்கு மொத்த வகுப்பும் ஐந்து போட்டது. "அஞ்சுக்கு மேல இல்லையாடி?" என்று ஆஷிகா தேடிப் பார்த்தாள். செந்தாமரை கீழே, 'இந்தப் பாடம் எங்களுக்கு உயிர்' என்று வேறு எழுதிவிட்டாள். அங்கேதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்கள்.

மறுநாள் வகுப்புக்குள் முதலில் நுழைந்தவர் லத்தீஃபா மேடம் இல்லை. முதல்வர் டாக்டர் புகழேந்தி. அவருக்குப் பின்னால் தர உறுதிப் பிரிவு ஒருங்கிணைப்பாளர் அகிலாண்டம் மேடம், கையில் ஃபைலோடு. அவர்களுக்கும் பின்னால், தன் வகுப்புக்கே தான் விருந்தாளி மாதிரி, லத்தீஃபா மேடம்.

"மாணவச் செல்வங்களே," என்று தொடங்கினார் முதல்வர். "ஒரு பாடத்துக்கு எல்லாரும் அஞ்சு நட்சத்திரம் போட்டது இந்தக் கல்லூரியிலேயே இதுதான் முதல் தடவை. நான் இவ்வளவு வருஷமா பாடம் நடத்தினேன், எனக்கு யாரும் அரை நட்சத்திரம் போட்டதில்லை. அதனால எனக்குப் பொறாமை கிடையாது. பெருமைதான். கல்லூரிக்குத் தரம் போடத் தரக்குழு வரப்போகுது. அவங்களுக்குக் காட்ட நம்மகிட்ட என்ன இருக்குன்னு யோசிச்சு யோசிச்சு எனக்கு பிரஷரே வந்துடுச்சு. கட்டடத்தைக் காட்டலாம்னா ஒழுகுது. நூலகத்தைக் காட்டலாம்னா பூட்டியிருக்கு, சாவி வெச்சிருந்தவர் ரிட்டயர் ஆயிட்டார். நல்லவேளையா இந்தப் பாடம் கிடைச்சுது. இவ்வளவு நல்ல பாடத்தை இனிமே வகுப்புல நடத்தி வீணாக்க முடியாது."

எல்லோரும் கை தட்டினார்கள். தட்டச் சொல்லி அகிலாண்டம் மேடம் சைகை காட்டியிருந்தார்.

"மேடம், ஒரு கேள்வி பாக்கி இருக்கு," என்றார் லத்தீஃபா மேடம், அகிலாண்டம் மேடத்திடம். "அதை மட்டும் இன்னைக்கு முடிச்சிடறேனே."

"கேள்விக்கு விளைவு எழுதிட்டீங்களா?"

"என்ன விளைவு?"

"நீங்க பதில் சொன்னதும் பிள்ளைங்களுக்கு என்னென்ன திறமை வரும்னு எழுதணும்ல? அதை எழுதிக் குடுங்க, நான் பார்த்து அனுமதி வாங்கித் தரேன். அப்புறம் தாராளமா பதில் சொல்லுங்க."

அந்த வாரமே புகைப்பட நாள் வந்தது. நடந்த வகுப்புக்குப் படம் இல்லையென்றால் அந்த வகுப்பு நடக்கவில்லை என்பது அகிலாண்டம் மேடத்தின் கொள்கை. எல்லோரும் மாற்றுத்துணி மூட்டையோடு வந்தார்கள். லத்தீஃபா மேடம் நாகூரிலிருந்து ஒரு பை நிறையப் புடவை சுமந்து வந்தார். கரும்பலகையில் தேதியை அழித்து அழித்து எழுதினார்கள், உடுப்பை மாற்றி மாற்றி உட்கார்ந்தார்கள். செப்டம்பரில் லத்தீஃபா மேடம் வரைபடத்தைச் சுட்டிக்காட்டினார். அக்டோபரில் செந்தாமரை கையைத் தூக்கிச் சந்தேகம் கேட்டாள்; என்ன சந்தேகம் என்று யாரும் கேட்கவில்லை. நவம்பருக்கு, "மழைக்காலம்னு தெரிய வேண்டாமா?" என்று இரண்டு பேர் கையில் குடையைக் கொடுத்து வாசலில் நிற்க வைத்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது.

மறுநாள் லத்தீஃபா மேடம் சாக்பீஸோடு வகுப்புக்குப் போனார். அகிலாண்டம் மேடம் வழியிலேயே மறித்துவிட்டார்.

"எங்க போறீங்க?"

"வகுப்புக்கு."

"நவம்பர் வரைக்கும் நடத்தி முடிச்சாச்சே? மறுபடியும் நடத்தினா கணக்கு இடிக்கும்."

லத்தீஃபா மேடம் சாக்பீஸைக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்து முதல்வருக்கு ஒரு யோசனை உதித்தது. தரக்குழுவுக்கு 'அனுபவக் கற்றல்' என்றால் ரொம்பப் பிடிக்குமாம். ஊர் வரலாறு என்றால் ஊர் எது? வயல். வயலைக் கல்லூரிக்குள் கொண்டுவந்துவிட்டால் போதுமே. வாலிபால் மைதானத்தை உழுதார்கள். கணிப்பொறிக் கட்டடத்துப் பக்கம் இருந்த போர்வெல்லிலிருந்து மைதானத்தின் கோடி வரை வாய்க்கால் வெட்ட வேண்டும். வெட்டினது யார்? வரலாற்று மாணவர்கள். நாற்று முதல்வரின் சொந்த வயலிலிருந்து வந்தது. குழு வர இன்னும் பத்து நாள், அதுவரை பச்சையாக இருந்தால் போதும் என்றார்.

ஆஷிகா கடைவீதியில் வளர்ந்தவள். சேற்றில் காலை வைத்ததும் ஒரு நண்டு ஓட, "அல்லாவே!" என்று அலறி வரப்பில் ஏறிக்கொண்டாள். செந்தாமரை அலறவில்லை. துப்பட்டாவை இடுப்பில் சுற்றினாள், குனிந்தாள், மடமடவென்று ஒரு வரிசை நட்டு முடித்து நிமிர்ந்தாள்.

"சார், இங்க பாருங்களேன்!" அகிலாண்டம் மேடத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இந்தப் பொண்ணுக்கு எவ்வளவு சீக்கிரம் கற்றல் விளைவு வந்திருக்கு! நம்ம பாடம்தான் சார்!"

வீட்டுக்குப் போனபோது அம்சமும் வேலையிலிருந்து அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். மகளின் காலைப் பார்த்தாள்.

"ஏண்டி இவ்வளவு சேறு?"

"நடவும்மா."

"காலேஜ்லயா?"

"பாடம்."

"கூலி உண்டா?"

"ஹால் டிக்கெட்."

அம்சம் சிரிக்கத்தான் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. "நடவு நடத்தான் படிக்கிறேன்னா எங்கிட்டயே கத்துக்கிட்டு இருக்கலாமே. பஸ்ல ஏறிப் போய் எதுக்குடி நடணும்? உன்னைச் சேத்துல இறக்கக் கூடாதுன்னுதானே நான் இறங்குறேன்?" என்றாள். செந்தாமரை அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று, அதே வாளித் தண்ணீரில் தானும் கால் கழுவினாள்.

குழு பத்து நாளில் வரவில்லை. தலைவருக்கு முழங்கால் வலி என்று தகவல் வந்தது. பிறகு இன்னொரு தேதி கொடுத்தார்கள், அதுவும் தள்ளிப்போனது. வேறு ஊராக இருந்தால் நாற்று அப்படியே காய்ந்திருக்கும், பிள்ளைகளும் வகுப்புக்குத் திரும்பியிருப்பார்கள். இது இந்த ஊர். பாடத்தை எவ்வளவு நாள் வேண்டுமானாலும் வாடப் போடுவார்கள். வேர் பிடித்த பயிரை வாட விட மட்டும் ஒருத்தருக்கும் மனசு வராது. தண்ணீர் பாய்ச்சினார்கள், களை பறித்தார்கள், உரம் போட்டார்கள். பயிர் தூர் கட்டி எழும்ப எழும்ப முதல்வரின் தோளில் துண்டு ஏறியது. விடுப்பு விண்ணப்பங்களை வரப்பில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். தேர்வுக் குழு வேப்பமரத்தடியில் கூடியது.

மற்றத் துறைகள் சும்மா இருக்குமா? எங்களுக்கும் வயல் வேண்டும் என்றன. மைதானத்தைப் பிரித்துக் கொடுக்க முதல்வர் கூட்டம் போட்டார்.

"கணிப்பொறித் துறை கல்லூரிக்கு வருமானம் கொண்டுவருது, அவங்களுக்கு மோட்டார் பக்கத்துலயே தலைமடை. அடுத்து வணிகவியல், அப்புறம் இயற்பியல். வரலாற்றுத் துறை பொறுமைக்குப் பேர்போனது, அவங்களுக்குக் கடைமடை. இதுல ஏற்றத்தாழ்வு ஒண்ணும் கிடையாது. தண்ணி எல்லாருக்கும் ஒண்ணுதான். முன்ன பின்ன வரும், அவ்வளவுதான்."

வரலாற்றுத் துறை நட்ட பயிர் கணிப்பொறித் துறைக்குப் போயிற்று. வரலாற்றுத் துறை கோடியில் புதிதாக நட்டது.

ஒரு மதியம் செந்தாமரையும் ஆஷிகாவும் அந்தக் கோடியில் தண்ணீருக்குக் காத்திருந்தார்கள். கணிப்பொறி பாய்ந்து, வணிகவியல் பாய்ந்து, இயற்பியல் பாய்ந்துகொண்டிருந்தது. செந்தாமரை அந்த வாய்க்காலையே பார்த்தாள். அவள் கையில் காப்புக் காய்க்க வெட்டிய வாய்க்கால். மண்வெட்டியைத் தூக்கி வரப்பில் எறிந்தாள்.

"என்னடி ஆச்சு?"

"பதில் கெடைச்சிடுச்சு."

"எதுக்கு?"

"எங்க தெரு ஏன் கடைசியில இருக்குன்னு கேட்டேன்ல."

ஆஷிகா வாய்க்காலைப் பார்த்தாள், தலைமடையைப் பார்த்தாள், தாங்கள் நிற்கிற இடத்தைப் பார்த்தாள். "அடக் கொடுமையே," என்றாள். பிறகு ஆறுதலாக, "பதில் தெரிஞ்சா நல்லதுதானேடி? அனுபவக் கற்றல்," என்றாள்.

"நீயும் ஏண்டி வயித்தெரிச்சலைக் கிளப்புற? இப்படி நின்னு தெரிஞ்சுக்கிறதுன்னா எங்கம்மாவுக்கே தெரியும். எனக்கு பெஞ்சுல உட்கார்ந்து கேக்கணும். ஃபேன் ஓடணும், மேடம் போர்டுல எழுதணும், நான் நோட்டுல எழுதணும். அதுக்குத்தானே வந்தேன்?"

வரப்பில் குடையோடு லத்தீஃபா மேடம் வந்துகொண்டிருந்தார். இப்போது அவர் களப் பொறுப்பாளர்.

"மேடம், இங்கயே சொல்லிடுங்களேன். கால் மணி நேரம் போதும்," என்று கெஞ்சினாள் செந்தாமரை.

லத்தீஃபா மேடம் சுற்றுமுற்றும் பார்த்தார். குடையை மடக்கினார். "சரி, கேளு. முதல்ல வாய்க்காலை யாரு..."

"லத்தீஃபாம்மா!" முதல்வரின் குரல் மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து வந்தது. "இயற்பியல் மடையை அடைங்க! தண்ணி வழிஞ்சு ரோட்டுக்குப் போவுது! எவன் வீட்டுத் தண்ணி?"

லத்தீஃபா மேடம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்.

குழு வந்தபோது ஐப்பசி அடைமழை. மைதானத்துத் தண்ணீரெல்லாம் கோடிக்கு வடிந்து வரலாற்றுத் துறையின் பயிர் மூழ்கிக் கிடந்தது. கேட்டபோது கடைசியாக வந்த தண்ணீர், வேண்டாதபோது முதலில் வந்துவிட்டது. வாசலில் வாழைமரம், நாதஸ்வரம், பன்னீர்ச்செம்பு, சந்தனக் கிண்ணம் என்று எல்லாம் கல்யாண வீடு மாதிரி. பெண் மாப்பிள்ளைதான் இல்லை. முதல்வர் பட்டு வேட்டியில் நின்று வயலைக் காட்டினார்.

குழுத் தலைவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். "வர்ற வழியெல்லாம் வயல்தாங்க பார்த்துக்கிட்டு வந்தோம். வகுப்பு ஏதாவது இருந்தா ஒண்ணு பார்க்கலாமா?"

"வகுப்புங்களா?" என்றார் முதல்வர், கடையில் இல்லாத சரக்கைக் கேட்டுவிட்ட மாதிரி.

உர மூட்டைகள் அடுக்கியிருந்த வகுப்பறையை அவசர அவசரமாக ஒழித்தார்கள். பிள்ளைகள் போய் உட்கார்ந்தார்கள். ஃபேன் ஓடியது. லத்தீஃபா மேடம் பாட்டிலைத் திறந்து இரண்டு மடக்குக் குடித்தார்.

"நேத்து எங்க விட்டேன்?"

செந்தாமரை எழுந்து கேள்வியைச் சொன்னாள். ஒரு வார்த்தை மாறவில்லை. லத்தீஃபா மேடம் பலகையில் நீளமாக ஒரு கோடு போட்டார். "இது வாய்க்கால். இதை வெட்டினது யாரு, வெட்டச் சொன்னது யாரு? இந்த ரெண்டு பேரும் எங்கெங்க குடியிருந்தாங்க?" மொத்த வகுப்பும் முன்னால் சாய்ந்தது. கடைசி பெஞ்சுகூட நோட்டைத் திறந்தது.

குழுத் தலைவர் கையைத் தூக்கினார். "போதும்மா. ரொம்ப நல்லா இருந்தது. வகுப்பு நடக்குதுன்னு தெரிஞ்சுடுச்சு." முதல்வர் பக்கம் திரும்பினார். "சாப்பாடு எங்கங்க?"

எல்லோரும் எழுந்து போனார்கள். ஃபைல் தூக்க ஆள் வேண்டும் என்று லத்தீஃபா மேடத்தையும் கூட்டிப் போனார்கள். பலகையில் கோடு மட்டும் இருந்தது.

கல்லூரிக்கு உயர்ந்த தரம் கிடைத்தது. 'வகுப்பறையே தேவைப்படாத முன்மாதிரிப் பாடம்' என்று குழு பாராட்டியிருந்தது. முதல்வர் ஆனந்தக் கண்ணீரோடு அறிவித்தார்: "ஊர் வரலாறு இரண்டாம் பகுதி, உளுந்து! அறுத்த நெல்லுத் தாள்லயே தெளிக்கிறோம்!"

அதற்குள் பருவம் முடிந்து மறுபடியும் போனுக்கு இணைப்பு வந்தது. நட்சத்திரம் போடுங்கள். செந்தாமரையின் விரல் ஐந்தாவது நட்சத்திரத்துக்குப் போய் நின்றது.

"ஒத்த நட்சத்திரம் போடுவோம்டி," என்றாள்.

ஆஷிகா திடுக்கிட்டாள். "மேடத்துக்கு வேலை போயிட்டா?"

அந்தப் பயம்தான் செந்தாமரைக்கும். பஸ் ஸ்டாப்பில் போய் லத்தீஃபா மேடத்திடமே சொல்லிவிட்டாள். அவர் கணுக்காலில் சேறு காய்ந்திருந்தது.

"அஞ்சு போட்டீங்க, ஒரு வகுப்பு எடுக்க முடியலை. ஒண்ணு போட்டா ஒருவேளை எடுக்கலாம்," என்றார். "வேலை போச்சுன்னா போகட்டும்மா. இப்ப பார்க்கிறது என்ன வேலை? மடை அடைக்கிறது. போடுங்க."

மொத்த வகுப்பும் ஒரு நட்சத்திரம் போட்டது. பிடித்த பாடத்தைத் திட்டி எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதினார்கள். செந்தாமரை எழுதினாள்: 'இந்தப் பாடத்தை இனி யாருக்கும் காட்ட வேண்டாம்.'

முதல்வர் அறையில் இடி விழுந்த மாதிரி ஆயிற்று. "வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்! உளுந்தை வணிகவியலுக்கு மாத்துங்க!"

"லத்தீஃபாவை நிறுத்திடலாமா சார்?" என்றார் அகிலாண்டம் மேடம்.

"நிறுத்திட்டு? ஒத்த நட்சத்திரப் பாடத்தை வேற யாரு தொடுவா? நீங்க எடுக்கறீங்களா?"

அகிலாண்டம் மேடம் ஃபைலைப் புரட்டினார்.

"அப்ப அந்தம்மாவே எடுத்துத் தொலைக்கட்டும். சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னாடி ஒரு ரூம் கெடக்குல்ல, அங்க தள்ளிடுங்க. போட்டோ கீட்டோ எதுவும் வேணாம். அப்படி ஒரு பாடம் இருக்குன்னே யாருக்கும் தெரியக் கூடாது."

தை மாதம் முதல் வகுப்பு. அந்த அறையில் ஃபேன் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டு ஓடியது, ஆனால் ஓடியது. லத்தீஃபா மேடம் வந்தார். பாட்டிலைத் திறந்தார். இரண்டு மடக்கு.

"நேத்து எங்க விட்டேன்?"

மொத்த வகுப்பும் செந்தாமரையைத் திரும்பிப் பார்த்தது. அவள் எழுந்து கேட்டாள். வாய்க்கால் வெட்டினப்ப தெரு அங்க இருந்துச்சா, இல்ல வாய்க்கால் வந்தப்புறம் வெச்சாங்களா?

"உனக்குத்தான் இப்ப பதில் தெரியுமேம்மா," என்றார் லத்தீஃபா மேடம்.

"தெரியும் மேடம். இருந்தாலும் நீங்க சொல்லுங்க. உட்கார்ந்து கேக்கறேன்."

உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்து ஜன்னலில் ஒரு முகம். தோளில் துண்டு. உளுந்து வயலுக்குப் போகிற வழியில் முதல்வர் நின்று எட்டிப் பார்த்தார்.

"இங்க என்ன நடக்குது?"

"ஒண்ணும் நடக்கலைங்க சார்," என்றது வகுப்பு ஒரே குரலில்.

"அதானே பார்த்தேன்," என்று நிம்மதியாக நடந்தார். ஆஷிகா எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள். லத்தீஃபா மேடம் சாக்பீஸை எடுத்துப் பலகையில் நீளமாக ஒரு கோடு போட்டார். செந்தாமரை நோட்டைத் திறந்து அந்தக் கோட்டைத் தானும் போட்டுக்கொண்டாள்.